பழுதான காமிராவும் கம்பெனியின் தயவும்

காசு கொடுத்து வாங்கின சாமான் பழுதாயிருந்தால், அதற்குப் பரிகாரம் பெறுவது வாங்கினவனுடைய பாத்தியதையா, அல்லது விற்றவன் மனமிரங்கிச் செய்கிற உபகாரமா? இதுவும் ஒரு கேள்வியா என்று நேயர்கள் நம்மைக் கேட்கலாம். சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவள் சொத்தைக் காயைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டு நல்ல காயை எடுத்துக்கொண்டுதான் போகிறாள். அதற்காக அவள் யாரிடமும் மனுப் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் சாமானின் விலை உயர உயர, அதைச் செய்கிறவர் கண்ணுக்கெட்டாத தூரத்திலுள்ள பெருங் கம்பெனியாராக ஆக ஆக, இந்தச் சாதாரண நியாயம் தேய்ந்துகொண்டே போகிறது. ஜப்பான் தேசத்து நிக்கான் கம்பெனியார் 2012-ஆம் வருஷத்தில் வெளியிட்ட டி-600 என்னும் காமிராவின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று. சம்பவங்கள் பழையவைதாம். அவை எழுப்பின கேள்வியோ இன்றும் அப்படியே நிற்கிறது. ஆகையால் அதைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

1917-இல் ஸ்தாபிதமான இந்தக் கம்பெனியைப் பற்றி நமக்கு எவ்வித விரோதமும் கிடையாது. அதன் லென்ஸுகளின் பெருமை 1950-இல் கொரியா யுத்தத்தைப் படம் பிடிக்கச் சென்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களின் மூலம் உலகமெங்கும் பரவியது. அத்தகைய கீர்த்தி வாய்ந்த கம்பெனியார் 2012 செப்டம்பர் 13-ஆம் தேதி டி-600-ஐ வெளியிட்டார்கள். பழைய 35 மில்லிமீட்டர் பிலிமின் அளவுள்ள சென்ஸார். அதில் 2 கோடியே 40 லட்சம் படப்புள்ளிகள். அமெரிக்காவில் விலை சுமார் 2,100 டாலர். அந்த அளவுச் சென்ஸாருள்ள காமிராக்கள் அதுவரையில் பெரும்பாலும் இன்னும் அதிக விலைக்கே விற்றுவந்தன. ஆகவே கல்யாணப் படம் எடுத்து ஜீவனம் செய்பவர்களும், பல மாதங்கள் சேமித்துத் தம் ஆசையைப் பூர்த்தி செய்துகொள்ள நினைத்தவர்களும் இதை வாங்க முந்தினார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. செல்வர்களின் விளையாட்டுச் சாமானைப் பற்றிய தகராறு என்று இதை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2,100 டாலர் என்பது எந்த நாட்டிலும் உழைத்துச் சாப்பிடுகிறவனுக்குப் பெருந் தொகையே.

வாங்கிச் சில நூறு படங்கள் எடுப்பதற்குள் படங்களில் கறுப்புப் புள்ளிகள் தோன்றலாயின. முகத்துக்கு நெருக்கமாக, லென்ஸின் துவாரத்தை அகல விரித்து எடுத்த படங்களில் அவை தெரிவதில்லை. துவாரத்தைச் சுருக்கி, வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்தால் அம்மை வார்த்தாற்போல் புலப்படும். சென்ஸாரின் முன்னுள்ள கண்ணாடியின் மேல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். லென்ஸைக் கழற்றி மாட்டும் காமிராக்கள் எல்லாவற்றிலும் தூசி புகுவது சகஜம். ஆனால் வெளியிலிருந்து புகும் தூசி இன்ன இடத்தில்தான் உட்காருவது என்று தீர்மானம் செய்துகொண்டு வருவதில்லை. டி-600-இலோ புள்ளிகள் பெரும்பாலும் படத்தின் இடது மேல் மூலையிலேயே குவிந்தன. அமெரிக்காவில் காமிராக்களை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் என்னும் நிறுவனத்தார், ஒவ்வொரு வாடகைக்குப் பின்னும் காமிராவைச் சுத்தம் செய்து பரிசோதிக்கும் வழக்கமுள்ளவர்கள். தங்களிடமுள்ள டி-600 காமிராக்களில் இந்தக் குறை ஒரே விதமாகக் காணப்படுவதை அவர்கள் 2012 அக்டோபரிலேயே பகிரங்கமாக எழுதிவிட்டார்கள். லென்ஸையே கழற்றாமல் தொடர்ந்து நூற்றுக்கணக்கில் படம் எடுத்துப் பார்த்தவர்களும், புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைப்பதைக் கண்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் குப்பை சேர்ந்தால் அது தெருவிலிருந்து வந்ததென்று சொல்ல முடியுமா?

குப்பை பிறந்த இடம் ஷட்டரும் அதைச் சார்ந்த பாகங்களுமே என்று சந்தேகம் விழுந்தது. ஒவ்வொரு தடவை பொத்தானை அமுக்கும்போதும் ஷட்டரின் மெல்லிய திரைகள் மின்னல் வேகத்தில் ஓடி நிற்கின்றன. அந்த ஓட்டத்தில் மசகெண்ணெயின் நுண்ணிய திவலைகளும், உராய்வில் உதிர்ந்த துகள்களும் சென்ஸாரின் மேல் தெறிக்கின்றன என்பது உடைமையாளர்கள் கண்ட முடிவு. உலர்ந்த தூசியை ஊதித் தள்ளலாம்; எண்ணெய் பட்ட புள்ளியை ஊதினால் அது போகுமா? அதற்கென்று உள்ள திரவத்தில் நனைத்த துடைப்பானைக் கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும். கை தவறினால் காமிராவின் கண்ணே போய்விடும். இந்த ஷட்டரை 1,50,000 தடவை இயக்கிப் பரிசோதித்ததாகக் கம்பெனியார் விளம்பரம் செய்திருந்தார்கள். அதை நம்பி வாங்கினவர்களில் சிலர், எண்ணெய் எல்லாம் தெறித்துத் தீர்ந்துவிட்டால் தொல்லை ஒழியும் என்று, ஒன்றுமில்லாத சுவரைப் பார்த்து ஆயிரக்கணக்கில் வெறும் படங்களை எடுத்துத் தள்ளினார்கள். புது வண்டி வாங்கினவன் அச்சுத் தேய்வதற்காகக் காலி வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டினது போலிருந்தது இந்தக் கூத்து.

இதற்குக் கம்பெனியார் என்ன சமாதானம் சொன்னார்கள்? முதலில் சில மாதங்கள் மௌனம். பிறகு 2013 பிப்ரவரி 22-ஆம் தேதி ஓர் அறிவிப்பு வெளிவந்தது. படங்களில் புள்ளிகள் விழுவதாகச் சிலர் தெரிவித்திருக்கிறார்கள். காமிராவோடு கொடுத்த புஸ்தகத்தில் கண்டபடி சுத்தம் செய்து பார்க்கவும். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடிக்கும் ஊதுகருவியை உபயோகிக்கவும். அதற்கும் போகாவிட்டால் அருகிலுள்ள சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டு செல்லவும் என்பது அதன் சாரம். இந்த மாடலின் அமைப்பில் குறை இருக்கிறது என்ற வார்த்தை அதில் தேடினாலும் கிடைக்காது. துடைத்துக்கொடுத்த காமிராவில் மறுபடியும் புள்ளி வந்தால் மறுபடியும் துடைப்பார்கள். காமிரா சர்வீஸ் நிலையத்தில் கிடக்கும் நாட்களில் கல்யாண முகூர்த்தங்கள் காத்திருக்குமா? இதைக் கண்துடைப்பு என்று சொல்வதா, கண்ணாடித் துடைப்பு என்று சொல்வதா என்று நமக்குத் தெரியவில்லை.

இதுவரை நடந்ததையாவது அஜாக்கிரதை என்று மன்னிக்கலாம். அடுத்து நடந்ததை மன்னிப்பது கஷ்டம். 2013 அக்டோபர் 8-ஆம் தேதி, அதாவது டி-600 வெளிவந்து பதின்மூன்று மாதங்கள்கூட முழுமையாகக் கழியுமுன்னர், டி-610 என்னும் மாடல் வெளிவந்தது. அதே சென்ஸார், அதே உடல், ஏறக்குறைய அதே விலை. வினாடிக்கு ஐந்தரைப் படங்கள் எடுத்தது ஆறு படங்கள் எடுக்கும். ஓசை சற்றுக் குறைவாக எடுக்கும் வசதியொன்று உண்டு. இவற்றைத் தவிர்த்தால் சொல்லத்தக்க மாறுதல் ஒன்றே ஒன்றுதான்: ஷட்டர் புதிது! வியாதி இன்னதென்று கம்பெனியாருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு? மருந்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் அந்த மருந்தை ஏற்கெனவே நோயாளியாக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை, புதிதாகக் காசு கொண்டு வருகிறவர்களுக்கு விற்றார்கள். பழைய காமிராவை விற்றுவிட்டுப் புதியதை வாங்கலாம் என்றாலோ, டி-610 வந்தவுடன் டி-600-இன் மறுவிற்பனை விலை சரிந்துவிட்டது. குறையுள்ள மாடல் என்று ஊரறிந்த பிறகு அதை நல்ல விலைக்கு வாங்க யார் வருவார்கள்? ஆக, டி-600-ஐ முதன்முதலில் நம்பி வாங்கினவர்களே, நம்பின குற்றத்துக்காக இரண்டு தரம் அபராதம் கட்டினார்கள்.

இதற்குப் பிறகுதான் உடைமையாளர்களின் பொறுமை எல்லை கடந்தது. அமெரிக்காவில் அவர்கள் சார்பில் கூட்டு வழக்குத் தொடரும் பேச்சு எழுந்தது. 2014 பிப்ரவரி 26-ஆம் தேதி கம்பெனியார் புதிய அறிவிப்பொன்றை வெளியிட்டார்கள். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் சரி, டி-600-ஐப் பரிசோதித்துச் சுத்தம் செய்து, ஷட்டரையும் அதைச் சார்ந்த பாகங்களையும் இலவசமாக மாற்றித் தருவோம் என்றார்கள். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் 2012 செப்டம்பருக்கும் 2014 பிப்ரவரிக்கும் நடுவே பதினேழு மாதங்கள் ஓடிவிட்டன என்பதை மறக்கலாகாது. அமெரிக்காவில் இந்தக் காமிராவுக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவாதம் ஒரு வருஷமே. முதலில் வாங்கினவர்களின் உத்தரவாதம் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆன பிறகே இந்தத் தயவு பிறந்தது. அதற்குள் எத்தனை பேர் நஷ்டத்துக்குக் காமிராவை விற்றுத் தலைமுழுகினார்களோ, அவர்களுக்கு இந்த அறிவிப்பினால் என்ன பயன்?

கம்பெனியார் கதையை இத்துடன் முடித்துவிட நினைத்திருக்கலாம். சீனா முடிக்கவிடவில்லை. அந் நாட்டில் வருஷந்தோறும் மார்ச் 15-ஆம் தேதி, நுகர்வோர் தினத்தன்று, சர்க்கார் தொலைக்காட்சியில் வியாபாரிகளின் குற்றங்குறைகளை அம்பலப்படுத்தும் நிகழ்ச்சி நடைபெறுவது வழக்கம். 2014-ஆம் வருஷத்து நிகழ்ச்சியில் டி-600 அகப்பட்டுக்கொண்டது. பல முறை பழுதுபார்த்தும் புள்ளிகள் தீராத காமிராக்களை உடைமையாளர்கள் காட்டினார்கள். அதைவிட விசேஷம், சர்வீஸ் நிலையத்துச் சிப்பந்திகள் சொன்ன சால்ஜாப்பு. ஊரிலுள்ள புகைமூட்டமே காரணம் என்றார்களாம்! சீன நகரங்களின் புகைமூட்டம் கெட்டதுதான். ஆனால் அது மற்ற மாடல்களையெல்லாம் விட்டுவிட்டு டி-600-இன் இடது மேல் மூலையை மட்டும் தேடிப் பிடித்து உட்காரும் அளவுக்குப் புத்திசாலி என்பதை நாம் அதுவரை அறிந்ததில்லை. நிகழ்ச்சி ஒளிபரப்பான ஓரிரு நாட்களுக்குள் ஷாங்காய் நகரத்து வர்த்தக அதிகாரிகள் அந்த மாடலை விற்கக் கூடாதென்று உத்தரவு போட்டார்கள். அந்த மாதக் கடைசியில் கம்பெனியார் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார்கள். பல தடவை பழுதுபார்த்தும் புள்ளிகள் தீராவிட்டால், புதிய டி-600 அல்லது அதற்கு நிகரான மாடலை இலவசமாகக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்படி நேயர்களை வேண்டுகிறோம். 2013 பிப்ரவரியில், நீயே ஊதிக்கொள் என்றார்கள். 2014 பிப்ரவரியில், ஷட்டரை மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஒரே மாதம் கழித்து, காமிராவையே மாற்றித் தருகிறோம் என்றார்கள். இந்தக் காலத்தில் காமிரா மாறவில்லை. அதன் ஷட்டர் மாறவில்லை. புள்ளி விழும் மூலையும் மாறவில்லை. மாறினது கேட்டவர்களின் குரல் மட்டுமே. தனித்தனியாய்ச் சர்வீஸ் நிலையத்தின் வாசலில் நின்றவரை ஒவ்வொருவனுக்கும், உன் காமிராவில் தூசி என்று பதில் கிடைத்தது. பல்லாயிரம் பேர் சேர்ந்து நின்றதும், எங்கள் மாடலில் குறை என்ற பொருள்பட நடந்துகொள்ள வேண்டியதாயிற்று. ஒற்றை மனிதனின் புகாரைத் தற்செயலான விபத்தாக்கிவிடுவது பெருங் கம்பெனிகளுக்குக் கைவந்த வித்தை. நூறு பேர் தங்கள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு அந்த வித்தை பலிப்பதில்லை.

கம்பெனியார் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. எல்லா டி-600 காமிராக்களிலும் இந்தக் குறை ஒரே அளவில் இல்லை. சில காமிராக்கள் வருஷக் கணக்கில் நன்றாகவே உழைத்தன. சாதாரணத் தூசி எது, எந்திரம் கக்கின கறை எது என்று வெறும் படத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்வதும் எளிதன்று. வாங்கினவன் சொன்னவுடனே புதுச் சாமானைத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்றால் வியாபாரம் நடக்குமா? இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நிரூபிக்கும் பாரத்தை யார் தலையில் சுமத்துவது என்பதே இங்கே கேள்வி. வாங்கினவனிடம் இருப்பது ஒரு காமிரா. கம்பெனியாரிடம் இருப்பதோ, பழுதுபார்க்க வந்த காமிராக்கள் அனைத்தின் கணக்கு, ஷட்டரின் வரைபடம், அதைச் செய்த பட்டறையின் தினசரிக் குறிப்பு. பெட்டகத்தின் சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டிருக்கிறவன், உள்ளே என்ன இருக்கிறதென்று நீ நிரூபி என்று எதிராளியைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இதே துறையில் வேறு விதமாக நடந்துகொண்டவர்களும் உண்டு. 2005-ஆம் வருஷத்தில் சோனி கம்பெனியார் செய்த சி.சி.டி. என்னும் சென்ஸார்களில் குறை கண்டுபிடிக்கப்பட்டது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் உள்ளேயுள்ள நுண்ணிய கம்பி இணைப்புகள் விட்டுப்போய், படம் கோணலாகவோ முழு இருட்டாகவோ விழலாயிற்று. நமது கடற்கரை ஊர்களைப் போன்ற சீதோஷ்ணமுள்ள இடங்களுக்கென்றே ஏற்பட்ட வியாதி என்று சொல்லலாம். அந்தச் சென்ஸாரைச் சோனியார் மட்டுமின்றி கானன், ஃபூஜி, கோனிகா மினோல்டா முதலிய கம்பெனியாரும் தங்கள் காமிராக்களில் பொருத்தியிருந்தார்கள். அவ் வருஷக் கடைசியில் அவர்கள் ஒருவர்பின் ஒருவராக, இன்னின்ன மாடல்களில் இந்தக் குறை தோன்றக்கூடும், உத்தரவாதம் முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று பட்டியல் போட்டு அறிவித்தார்கள். மாடலின் பெயர், குறையின் லக்ஷணம், பரிகாரம் மூன்றும் அதில் இருந்தன. உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்று யாரும் வாங்கினவன் மேல் பழி போடவில்லை. அதனால் அந்தக் கம்பெனிகள் மூழ்கிப்போய்விடவுமில்லை.

தயவினால் கிடைக்கும் பரிகாரத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கொடுத்தவரே ஒரு நாள் அதை நிறுத்திவிடலாம். ஜெர்மனி தேசத்து லைக்கா கம்பெனியார் 2009-இல் எம்-9 என்னும் காமிராவைச் சுமார் 7,000 டாலர் விலைக்கு விற்றார்கள். தலைமுறை தலைமுறையாக உழைக்கும் காமிரா என்ற பேர் அக் கம்பெனிக்கு. ஆனால் எம்-9-இன் சென்ஸாரை மூடியிருந்த கண்ணாடி ஈரத்தினால் அரிக்கப்பட்டுப் படங்களில் வெண்ணிற வளையங்களும் புள்ளிகளும் தோன்றின. 2014-இல் கம்பெனியார் காமிராவின் வயதைப் பாராமல் இலவசமாகச் சென்ஸாரை மாற்றித் தருவதாக அறிவித்தபோது எல்லோரும் மெச்சினார்கள். 2017 ஆகஸ்டில் அந்த ஏற்பாடு சுருங்கிற்று. வாங்கி ஐந்து வருஷத்துக்குட்பட்ட காமிராக்களுக்கு மட்டுமே இலவசம் என்றார்கள். 2012-இலேயே அடுத்த மாடல் அறிவிக்கப்பட்டுவிட்ட காமிராவுக்கு 2017-இல் ஐந்து வருஷ வரம்பு! அதன் பொருள் என்னவென்பதைக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிற்பாடு மாற்றுவதற்குச் சென்ஸாரே இல்லாமற் போயிற்று. லைக்காவார் நிக்கானாரைவிட அன்போடுதான் நடந்துகொண்டார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அன்புக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. அதைக் காட்டி யாரும் டிக்ரி வாங்க முடியாது.

சீன தேசத்தில் நடந்ததைக் கண்டு நம்மவர்களில் சிலர் பரவசப்படக்கூடும். அங்கே சர்க்கார் ஒரு சொல் சொன்னால் போதும், கம்பெனியார் பணிந்துவிடுகிறார்கள் என்று மெச்சக்கூடும். அந்த மெச்சுதலில் நாம் கலந்துகொள்ள மாட்டோம். திருத்தப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2014 மார்ச் 15 அன்றே அங்கே அமுலுக்கு வந்ததென்பது மெய். அது நல்ல சட்டம் என்பதும் மெய். ஆயினும் நிக்கான் விழுந்தது சட்டத்தின் முன்னல்ல, தொலைக்காட்சியின் முன். அந்த நிகழ்ச்சி எந்தக் கம்பெனியை எந்த வருஷம் பிடிக்கும் என்பது அதை நடத்துகிறவர்களின் இஷ்டத்தைப் பொறுத்தது. 2013-இல் ஆப்பிள் கம்பெனி பிடிபட்டது. அதன் தலைவர் டிம் குக் ஏப்ரல் 1-ஆம் தேதி சீன ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத நேர்ந்தது. அதே குறை வேறொரு கம்பெனியின் சாமானில் இருந்து, அது கண்ணில் படாமற் போனால், அதை வாங்கினவனுடைய கதி என்ன? கம்பெனியாரின் தயவுக்குப் பதிலாகச் சர்க்காரின் தயவு என்றால் நாம் அடைந்த லாபம் சொற்பமே.

நமது தேசத்தில் நிலைமை என்ன? டி-600 இங்கும் விற்பனையான காமிராதான். இங்கே 1986 முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலையில் அமுலுக்கு வந்தது. பழுதை நீக்கித் தரும்படியும், வேறு சாமான் கொடுக்கும்படியும், விலையைத் திருப்பிக் கொடுக்கும்படியும் உத்தரவிட ஜில்லா ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஒரே விதமான குறையுள்ள பலருக்காகச் சிலர் முன்வந்து, ஆணையத்தின் அனுமதியோடு கூட்டாக முறையிடவும் 35-ஆவது பிரிவில் வழி செய்திருக்கிறது. ஏட்டில் இவ்வளவும் அழகாகவே இருக்கிறது. ஆனால் ஒரு மாடல் முழுவதும் பழுதாய்ப் போனால் இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று கூர்ந்து பார்த்தால் ஓட்டைகள் தெரிகின்றன.

சாமானைச் செய்தவரையே பொறுப்பாளியாக்கும் புது அத்தியாயம் ஒன்று 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அது அமைப்பிலுள்ள குறையையும் தெளிவாகக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்தச் சாமானுக்கே ஏற்பட்ட கேடு அதில் சேராது என்று வியாக்கியானத்தில் விலக்கு வைத்துவிட்டார்கள். காமிரா வெடித்து விரல் போனால் கேட்கலாம். காமிரா படத்தைக் கெடுத்தால் அந்த அத்தியாயத்தின்கீழ்க் கேட்க முடியாது! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சாமானைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்யும் அதிகாரம் உண்டு. அதுவும் அபாயகரமான சாமான்களைப் பற்றியதே. வாங்குகிறவனை ஏமாற்றும் சாமான், அவனைக் காயப்படுத்தாத வரையில், அந்த அதிகாரத்துக்கு அகப்படுவதில்லை.

படத் தொழிலாளருக்கு வேறொரு சங்கடமும் உண்டு. வியாபார நோக்கத்துக்காகச் சாமான் வாங்கினவன் சட்டத்தின்படி நுகர்வோனே அல்லன். சுயதொழில் செய்து ஜீவனோபாயம் தேடுவதற்கென்றே வாங்கினவனுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரே காமிராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போகிறவன் இந்த விலக்கில் தப்பிவிடலாம். நாலு பேரை வேலைக்கு வைத்துச் சிறிய ஸ்டூடியோ நடத்துகிறவனை என்ன செய்வது? அவனும் கம்பெனியாரின் வக்கீலுக்கு முன்னால் தன் வறுமையை நிரூபித்தாக வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, முறையீடு செய்ய இரண்டு வருஷமே கெடு. டி-600 விஷயத்தில் கம்பெனியார் ஷட்டரை மாற்ற இசைவதற்கே பதினேழு மாதங்கள் கடத்தினார்கள் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்த்தால், பேசிப் பேசியே கெடுவைக் கழித்துவிடுவது எவ்வளவு எளிது என்பது விளங்கும்.

ஆகையால் சட்டத்தில் சில மாறுதல்கள் அவசியம் என்று கருதுகிறோம். ஒரு மாடலில் குறை கண்டு, அடுத்த மாடலில் அந்தப் பாகத்தை மாற்றுகிற கம்பெனியார், மாற்றின பாகத்தை முந்தின மாடல் வைத்திருப்பவர்களுக்கும் இலவசமாகப் பொருத்திக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று விதிக்க வேண்டும். இது ஒன்றைச் செய்தால், புது மாடல் என்ற பெயரில் பழைய குற்றத்தை விலைக்கு விற்கும் சாமர்த்தியம் நின்றுபோகும். புது யுக்திகள் செய்யும் ஊக்கம் இதனால் குன்றிவிடும் என்பார்கள். குறையைத் தீர்ப்பது வேறு, புதுச் சிறப்பைச் சேர்ப்பது வேறு. வினாடிக்கு ஆறாவது படத்தை யாரும் இலவசமாகக் கேட்கவில்லை. புள்ளியில்லாத வானத்தையே கேட்கிறார்கள். துடைத்துக் கொடுப்பதையும் பழுதுபார்த்ததாகவே கணக்கில் எழுதி, தேதியிட்ட சீட்டு கொடுக்கும்படியும் நிர்ப்பந்திக்க வேண்டும். துடைத்தது பழுதுபார்த்ததாகாது என்று ஒரு கம்பெனி சாதித்தால், பத்துத் தரம் துடைத்த பிறகும் கணக்கு பூஜ்யத்திலேயே நிற்குமல்லவா? இரண்டு முறை ஒரே குறைக்காகச் சீட்டு வாங்கினவனுக்கு மூன்றாவது முறை சீட்டு வேண்டாம். வேறு சாமானோ, கொடுத்த விலையோ வேண்டும். கம்பெனியார் பழுதுபார்ப்பதாகச் சொல்லிச் சாமானைத் தங்கள் வசம் வைத்திருக்கும் காலத்தையும், விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கடிதம் எழுதும் காலத்தையும் இரண்டு வருஷக் கெடுவில் சேர்க்கக் கூடாது.

சட்டம் திருந்தும் வரையில் உடைமையாளர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. படத் தொழிலாளர் சங்கங்கள் நமது ஜில்லாக்களில் பல உண்டு. கல்யாண ரேட்டு நிர்ணயம் செய்வதோடு அவற்றின் வேலை தீர்ந்துவிடுவதில்லை. ஒவ்வொரு சங்கமும் ஒரு பேரேடு வைத்து, எந்த மாடலில், வாங்கிய எத்தனையாவது நாளில், எத்தனை படங்களுக்குப் பிறகு, என்ன குறை தோன்றிற்று, சர்வீஸ் நிலையத்தார் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பதைப் பதிந்துவரட்டும். வாய்ப்பேச்சில் சொன்ன பதிலை ஏற்றுக்கொள்ளாமல் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். ஒரே மாடலுக்கு ஒரே குறை நாலைந்து பேருக்கு நேர்ந்தது என்று பேரேட்டில் தெரிந்த மாத்திரத்தில், அவர்கள் தனித்தனியே கடையில் போய்க் கெஞ்சிக்கொண்டிராமல், 35-ஆவது பிரிவின்படி ஒரே முறையீடாக ஜில்லா ஆணையத்தில் தாக்கல் செய்யட்டும். ஐந்து லக்ஷ ரூபாய்க்கு உட்பட்ட முறையீட்டுக்கு அங்கே கட்டணம் கிடையாது. மத்திய சர்க்காரின் நுகர்வோர் உதவிக்காக ஏற்பட்ட 1915 என்னும் தொலைபேசி எண்ணுக்கும் அந்தப் பேரேட்டின் விவரத்தை ஒவ்வொருவராகப் பதிவு செய்துவைப்பது நலம். கம்பெனியாரின் வக்கீல் எழுந்து, இது இவர் ஊர்த் தூசி என்று சொல்லும்போது, வேறு வேறு ஊர்களில் எடுத்த படங்களை ஒரே மூலையில் புள்ளியோடு மேஜை மேல் பரப்பிவைக்க இந்தப் பேரேடு ஒன்றே உதவும்.